‘அசைவம்’ என்று நான் குறித்துவைத்த வீடு: சேலத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் வருகை

2023 ஆகஸ்டு மாதத்தில் 26 வயதுப் பெண் ஒருவர் சேலத்திலுள்ள என் கிளினிக்குக்கு வந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சீவினால் முடி கொத்தாக வருகிறது, மதியத்துக்கு மேல் கண்ணைச் சொருகுகிறது என்றார். ஏற்காட்டு மலையில் பிறந்தவர். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் குடும்பத்துக்கு மருமகளாக வந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் அப்போது பயன்படுத்திவந்த குறிப்புத் தாளில் ‘உணவு’ என்ற வரிக்கு எதிரே சைவம், அசைவம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. கேட்டேன். “அசைவந்தாங்க டாக்டர்” என்றார். அந்தக் கட்டத்தில் குறியிட்டேன்.

ஹீமோகுளோபின் 10.2 கிராம் இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் சோகை. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 87, அதாவது இயல்பான வரம்புக்குள். மாதவிடாய்ப் போக்கால் வந்த லேசான சோகை என்று முடிவுசெய்து, ஒரு மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு அந்த வீட்டு அடுப்பில் கறியோ மீனோ முட்டையோ ஏறிப் பதின்மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. அது எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் அசைவம் என்பது பிறந்த குடும்பத்தையும் கும்பிடும் சாமியையும் வைத்துச் சொல்லப்படும் பதில். தட்டில் இருப்பதை வைத்துச் சொல்லப்படுவது குறைவு.

இறைச்சி உண்பது உடலுக்கு நல்லதா என்ற கேள்வியை என்னிடம் கேட்காத வாரம் இல்லை. இந்த ஒரு வீட்டில் ஒரே முடிவு மூன்று உடல்களில் மூன்று விதமாக வேலை செய்ததை நான் பார்த்தேன். அதனால்தான், குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இதை முழுமையாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

வீட்டில் ஆறு பேர்: 57 வயது மாமனார், 53 வயது மாமியார், மாமனாரின் தாய், இரண்டு மகன்கள், இந்த மருமகள். 2022 ஆடி வரை ஞாயிறுதோறும் ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறி எடுப்பார்கள். எலும்பு கழித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். ஆறால் வகுத்தால் ஆளுக்கு 160 கிராமுக்கு மேல் வருகிறது. காகிதத்தில் இது போதுமான அளவுதான். ஆனால், பரிமாறும் முறையைக் கேட்டபோது கணக்கு மாறிவிட்டது. முதல் பந்தியில் மூன்று ஆண்களும் பாட்டியும். வறுவலும் நல்ல துண்டுகளும் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவதாக உட்காரும் மாமியாருக்கும் மருமகளுக்கும் குழம்பும் எலும்பும் மிச்சம். “கறி ரெண்டு துண்டு வரும்ங்க டாக்டர். ஈரல் மட்டும் எனக்குத்தான். வீட்டுல யாருக்கும் புடிக்காது, அத்தை எடுத்து எனக்கு வச்சிருவாங்க” என்றார் அந்தப் பெண்.

அந்த ஈரல் துண்டுதான் அவரை அதுவரை தாங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. வைட்டமின் பி12 இயற்கையில் பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களால் மட்டுமே தயாரிக்கப்படுவது. நமக்கு அது பெரும்பாலும் இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாகத்தான் வந்து சேர்கிறது. கீரையிலும் பருப்பிலும் அது கிடையாது. ஆட்டு ஈரலில் அது மிக அதிகம். ஈரல் ஒருகாலத்தில் உயிர் காக்கும் மருந்தாகவே இருந்தது: உயிரைக் குடிக்கும் ஒருவகைச் சோகைக்கு ஆளான 45 நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் கொடுத்துத் தேற்றியதை மைனாட், மர்ஃபி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1926-இல் வெளியிட்டார்கள், விப்பிள் என்ற இன்னோர் ஆய்வாளரோடு சேர்த்து 1934-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலுக்குள் இருந்து நோயைத் தீர்த்த அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுதான் பி12.

ஆனால், பி12-ஐக் கையாள்வதில் உடலுக்கு ஓர் எல்லை உண்டு. இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்து அழைத்துச்சென்றால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை ஏற்கும்; அந்த வழியில் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம் அளவே உள்ளே போகும். மிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசியும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வயிறு முட்டச் சாப்பிட்டாலும் அது வாரம் முழுவதற்கும் ஆகாது. நாளுக்கு ஒரு முட்டையோ ஒரு டம்ளர் பாலோ தயிரோ சிறிது சிறிதாகச் சேர்ப்பது, ஒருநாள் விருந்தைவிட இந்த விஷயத்தில் பயனுள்ளது.

தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 97 பேருக்கும் மேல் அசைவம் உண்பவர்கள் என்று 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அமைப்புக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதே தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சோகைக்கு வேறு காரணங்களும் உண்டு: மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், குடற்புழு. என்றாலும், அசைவக் குடும்பத்துப் பெண் என்பதால் இறைச்சியின் சத்து அவருக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்த என்னைப் போன்ற மருத்துவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

வேண்டுதலும் அதற்குப் பின்னும்

2022 ஆடியில் மாமனாருக்கு மாரடைப்பு வந்தது. அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, “கறி, முட்டை எல்லாத்தையும் நிறுத்திடுங்க” என்று ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்கள். அவர் உயிர் பிழைத்தால் இரண்டு வருடம் வீட்டில் கவுச்சி புழங்காது என்று மாமியார் கோட்டை மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். மருத்துவரின் சொல்லும் வேண்டுதலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, அந்த வாரத்தோடு வீடு முழுக்க கறி நின்றது.

அதன் இடத்தில் என்ன வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். பருப்பும் பயறும் கூடவில்லை, சுண்டல் எப்போதாவது. சோறு கூடியது. குழம்பில் கறி இல்லாத குறையைத் தீர்க்க உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் தினமும் வந்தன. மாலையில் மாமனாருக்குத் தட்டுவடை செட், போண்டா, பிஸ்கட். “கறிதானே ஆகாது, இது சைவந்தானே” என்பது அவர் வாதம். மருமகள் காலையில் இட்லி சாப்பிட்ட கையோடு காபி, மதியம் சாப்பிட்டு அரை மணியில் டீ குடிப்பார். மலையில் அவருடைய தாய்வீட்டில் சாமைச் சோறும் ராகிக் களியும் கீரையும் கொய்யாவும் அன்றாடம். கறி நோம்பிக்கு மட்டும், முட்டை வீட்டுக் கோழியினுடையது. கல்லூரி ரத்ததான முகாமில் கொடுத்த அட்டையை அவர் இன்னும் பர்சில் வைத்திருந்தார். அதில் ஹீமோகுளோபின் 12.8 என்று பேனாவால் எழுதியிருந்தது. புகுந்த வீட்டைவிடக் குறைவாகக் கறி தின்ற வீட்டில் இருந்தபோது அவருக்கு ரத்தம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இறைச்சியை மட்டும் தனியே எடுத்துவைத்து நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்ல முடியாது என்பதற்கு எனக்கு இந்த அட்டையைவிட நல்ல சான்று கிடைத்ததில்லை.

இரும்புச்சத்தில் இரண்டு வகை உண்டு. இறைச்சியில், ரத்தத்திலும் தசையிலும் இருக்கும் ஹீம் இரும்பில் 15 முதல் 35 விழுக்காடு வரை உடலில் சேரும். தானியம், கீரை, பருப்பில் உள்ள இரும்பில் சேர்வது பெரும்பாலும் அதற்கு மிகவும் கீழே. காபி, டீயில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இந்த இரண்டாம் வகையை இன்னும் பிடித்து நிறுத்திவிடும். எலுமிச்சை, நெல்லி, கொய்யாவில் உள்ள வைட்டமின் சி அதைக் கரைத்து உள்ளே விடும். சிறிதளவு கறியை உடன் சேர்த்து உண்டால் அதே வேளையில் உண்ட கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேர்கிறது. இந்தப் பெண்ணின் தட்டிலிருந்து ஈரலும் போயிற்று, கொய்யாவும் கீரையும் மலையோடு நின்றுவிட்டன. காபியும் டீயும் மட்டும் மிஞ்சின.

2024 ஜனவரி

அவர் மீண்டும் வந்தபோது 14 வாரக் கர்ப்பம். கூட மாமியாரும் வந்திருந்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தபோது உள்ளே காகிதம் போல வெளுத்திருந்தது. நாக்கு வழவழவென்று சிவந்திருந்தது. ஹீமோகுளோபின் 8.1. இந்த முறையும் சிவப்பணுவின் சராசரிப் பருமன் 88 என்று ‘இயல்பாக’ வந்தது. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும். பி12 குறைந்தால் பெருக்கும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் சின்னதும் பெரியதும் கலந்து, சராசரி மட்டும் ஒழுங்காகத் தெரியும். அளவு வேறுபாட்டைக் காட்டும் எண்ணை நான் ஆகஸ்டிலேயே பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அது அப்போதே உயர்ந்துதான் இருந்தது, பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7, பி12 131 பிகோகிராம். இரண்டுமே தரைமட்டம்.

நல்ல சேமிப்பு உள்ளவர்களுக்குக் கல்லீரலில் இருக்கும் பி12 சில ஆண்டுகளுக்குத் தாங்கும். இவருக்குச் சேமிப்பே சிறிது. அதிலிருந்து குழந்தையும் எடுக்கத் தொடங்கிவிட்டது. பதினேழு மாதத்தில் இவ்வளவு இறங்கியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். இங்கே ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகத் தரும் ஃபோலிக் அமிலம் மிகவும் தேவையானது. ஆனால் பி12 குறைவை அறியாமல் அதை மட்டும் தொடர்ந்தால் ரத்தம் ஓரளவு தேறியதுபோல் தெரிய, நரம்புகள் உள்ளுக்குள் பாழாகிக்கொண்டிருக்கும்.

மருமகளுக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். இரண்டு பாதமும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன் என்றார். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அந்த மருந்து நல்ல மருந்து, ஆனால் நெடுநாள் உண்பவர்களுக்குக் குடலில் பி12 சேர்வதைக் குறைக்கும். இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தபோது அதிர்வு அவருக்குத் தெரியவில்லை. கணுக்காலில் மங்கலாகத் தெரிந்தது. அவருடைய பி12 97. நீரிழிவும் நரம்பைக் கெடுக்கும் என்பதால் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் இவற்றில் ஒன்றை ஊசியால் சரிசெய்ய முடியும்.

மாமனாரின் இதயம்

மூன்றாவதாக மாமனாரையும் வரச்சொன்னேன். கறியை நிறுத்தியதால்தான் பிழைத்தேன் என்று அவர் உறுதியாக நம்பினார். ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். 148-இலிருந்து 64-க்கு வந்திருந்தது உண்மை. ஆனால் அவர் உண்ணும் அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரையே அதிக அளவில் உண்ணும்போது எல்.டி.எல்லைப் பாதிக்குப் பாதியாகக் குறைக்கக்கூடியது. முப்பது வருடப் புகைப்பழக்கத்தையும் அவர் விட்டிருந்தார். அவருடைய இதயத்துக்கு அவர் செய்த மிகப் பெரிய நன்மை அது. மறுபுறம், ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 180-இலிருந்து 268-க்கும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரை அளவு 6.1-இலிருந்து 6.9-க்கும் ஏறி, எடை நான்கு கிலோ கூடியிருந்தது. எல்லைக்கோட்டில் இருந்தவர் நீரிழிவுக்குள் வந்துவிட்டார். கறி நின்ற இடத்தில் சோறும் மாவும் எண்ணெயும் ஏறியதன் பலன் இது.

அவரை எச்சரித்தவர்கள் முழுக்கத் தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். கொழுப்புள்ள இறைச்சியிலிருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை அள்ளியெடுக்கும் கல்லீரலின் வேலையை மந்தமாக்குகிறது. இது ஐயமில்லாமல் நிறுவப்பட்டது. பிரிட்டனில் சுமார் 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் 2019-ஆம் ஆண்டு முடிவின்படி, இறைச்சி உண்போரைவிடச் சைவர்களுக்கு இதயத் தமனி நோய் 22 விழுக்காடு குறைவு. அதே ஆய்வில் சைவர்களுக்குப் பக்கவாதம் 20 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தது; முதல் பாதியைச் சொல்பவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை, இரண்டாவதைச் சொல்பவர்கள் முதலாவதைச் சொல்வதில்லை. இந்தியா உள்ளிட்ட 21 நாடுகளில் 1,34,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ப்யூர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அதில், பதப்படுத்தாத சிவப்பு இறைச்சியை வாரம் 250 கிராமோ அதற்கு மேலோ உண்டவர்களுக்கு இதய நோய் கூடியதாகத் தெரியவில்லை. பதப்படுத்திய இறைச்சியை வாரம் 150 கிராமோ அதற்கு மேலோ உண்டவர்களுக்கு, அதை அறவே தொடாதவர்களைவிட, 46 விழுக்காடு கூடியிருந்தது. இவை எல்லாமே மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வுகள். காரணத்தை முடிவாகச் சொல்லும் வலு இவற்றுக்கு இல்லை. ஆனாலும், ஞாயிற்றுக்கிழமை நூறு கிராம் ஆட்டுக்கறி உண்பவரைப் பயமுறுத்த இவற்றில் இடமில்லை.

புற்றுநோய் பற்றியும் மூத்த மகன் கேட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்ற முதல் பிரிவிலும், சிவப்பு இறைச்சியை அதற்கு அடுத்த ‘வாய்ப்புள்ளது’ என்ற பிரிவிலும் வைத்தது. புகையிலையும் அதே முதல் பிரிவில் இருப்பதால் இரண்டும் சமம் என்று பரவிய செய்தி தவறு. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு கூடும் என்பது அவர்கள் தந்த அளவு. சாசேஜும் சலாமியும் இந்த வீட்டில் கிடையாது. ஆனால் உப்பிட்டும் உலர்த்தியும் வைப்பது பதப்படுத்துதலில் சேரும் என்பதால், திருவிழா முடிந்ததும் இவர்கள் போட்டுவைக்கும் உப்புக்கண்டம் அந்த வரையறைக்குள் வரும். வருடத்தில் சில வேளை உண்பதைக் குறித்து நான் கவலைப்படவில்லை. அதிலுள்ள உப்பு மாமனாரின் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது என்பதை மட்டும் சொன்னேன்.

மாரடைப்புக்கு முன்பு அவர் வாரம் மூன்று நாள் மாலையில் பட்டறையிலிருந்து திரும்பும் வழியில் பரோட்டாவும் சில்லி சிக்கனும் உண்டிருக்கிறார். சாயமும் மாவும் பூசி, காலையிலிருந்து கருத்துக்கொண்டே வரும் எண்ணெயில் பொரிக்கும் அந்தக் கோழியையும், வீட்டில் மிளகு தட்டிப்போட்டு வேகவைத்த ஆட்டுக்கறியையும் ‘கறி’ என்ற ஒரே சொல்லால் நிறுத்தச் சொன்னதுதான் பிழை. எதை விட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

சிகிச்சை

மருமகளுக்கு பி12 ஊசி முதலில் ஒருநாள் விட்டு ஒருநாளும், பிறகு வாரம் ஒன்றுமாகக் கொடுத்தோம். இரும்புச்சத்தைச் சிரைவழி ஏற்றினோம். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: 8.1-இல் இருக்கும் கர்ப்பிணியை எந்த உணவாலும் உரிய காலத்துக்குள் மேலே கொண்டுவர முடியாது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வாரம் இரண்டு முறை சுவரொட்டி சாப்பிடச் சொல்லியிருந்தார். ஆட்டின் மண்ணீரலான அதில் இரும்பு, சதைக்கறியைவிடப் பல மடங்கு இருப்பது உண்மை. நம் பாட்டிமார் கண்டுவைத்தது வீண்போகவில்லை. நன்றாக வெந்திருந்தால் உண்ணலாம், ஆனால் ஊசிக்குப் பதிலாக வேண்டாம் என்றேன். ஈரலை மட்டும் கர்ப்பம் முடியும்வரை ஒதுக்கச் சொன்னேன். அதில் மிகுந்திருக்கும் வைட்டமின் ஏ அளவு கடந்தால் வளரும் கருவைப் பாதிக்கக்கூடும்.

வேண்டுதல் முடிய அப்போது ஆறு மாதம் இருந்தது. பி12 ஊசி மருந்து பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைத்துத் தயாரிக்கப்படுவது, அதில் கவுச்சி இல்லை என்று விளக்கினேன். உணவைப் பற்றி முடிவெடுப்பது என் வேலை இல்லை என்பதால் வற்புறுத்தவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு மாமியாரே சொன்னார்: “வேண்டிக்கிட்டது நானுங்க டாக்டர், அவ இல்ல. புள்ளைய வச்சிருக்கவள அம்மன் தண்டிக்காது. நான் முடிச்சுக்கிறேன், அவ சாப்பிடட்டும்.” மறுநாளிலிருந்து மருமகளுக்குத் தனிச் சட்டியில் இரண்டு முட்டை வெந்தது. காபியும் டீயும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிப்போயின; தட்டில் கொய்யாத் துண்டு வந்தது. மே மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு மலையேறியவர், அங்கே நாட்டுக்கோழிக் குழம்பும் சாமையுமாக ஆறு வாரம் இருந்தார்.

மாமனாருக்கு நான் சொன்னது வேறு. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பயறும் காயும். மாலைப் பொரித்த பண்டங்கள் நிற்க வேண்டும். வேண்டுதல் முடிந்தபின் விரும்பினால் மேட்டூர் அணை மீனைக் குழம்பாக வாரம் இருமுறையும், கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறி வாரம் நூறு கிராமும் உண்ணலாம். விரும்பாவிட்டால் கட்டாயம் இல்லை, பாலும் பருப்பும் பி12 மாத்திரையும் போதும். அவர் இன்றுவரை கறி தொடவில்லை. ஆகஸ்டு 2024-இல் அவருடைய ட்ரைகிளிசரைடு 172, மூன்று மாதச் சர்க்கரை 6.4. இறைச்சி இல்லாமலே இறங்கிய எண்கள் இவை.

மருமகளின் ஹீமோகுளோபின் 34-ஆம் வாரத்தில் 10.9-ஐத் தொட்டது. ஜூலை முதல் வாரத்தில் 2.9 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தது. மாமியாருக்குப் பாதத்தில் எறும்பு ஊரும் உணர்வு நான்கு மாதத்தில் பெரும்பகுதி குறைந்தது. பெருவிரலில் அதிர்வுணர்வு திரும்பவில்லை, இனித் திரும்புமா என்பது ஐயமே. ஓராண்டு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியின் விலையில் ஒரு பங்கு அது.

என் குறிப்புத் தாளில் அந்த இரண்டு கட்டங்கள் இப்போது இல்லை. கடைசியாக என்றைக்கு உண்டீர்கள், எத்தனை துண்டு, உடன் என்ன, யாருக்குப் பிறகு உட்கார்ந்தீர்கள் என்று கேட்டு எழுதுகிறேன். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கூடுதலாகிறது.

2025 ஜனவரியில் ஆறு மாதம் முடிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூவரும் வந்தார்கள். தாய்க்கு பி12 குறைவாக இருந்தால் தாய்ப்பாலிலும் குறையும், குழந்தை கழுத்து நிற்பதற்கும் உட்காருவதற்கும் தாமதமாகும் என்பதால் அதைக் கவனித்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை நேராக உட்கார்ந்திருந்தது. மாமியார் கேட்டார், “முட்டை மஞ்சக்கருவ எப்ப குடுக்கலாம்ங்க?” நன்றாக வேகவைத்துத் தாய்ப்பாலில் மசித்து, கால் தேக்கரண்டியில் இந்த வாரமே தொடங்கலாம் என்றேன்.